மீன் குழம்பு சொதப்பும்போது: எங்கே தவறு, எப்படிச் சரிசெய்வது

மீன் குழம்பில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி, மீன் சட்டியில் விழுவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. மீன் வேக ஏழெட்டு நிமிடம் போதும். அந்த ஏழெட்டு நிமிடத்துக்குள்ளேயே மசாலாவின் பச்சை வாசனை போய், புளி அடங்கி, குழம்பும் கெட்டியாகி வந்துவிட வேண்டும் என்றால் எப்படி வரும்? ஒன்று குழம்பு பச்சையாக நிற்கும், இல்லையென்றால் மீன் கரைந்துவிடும். எங்கள் ஆச்சி தூத்துக்குடிக்காரர். அடுப்படியில் யார் நின்றாலும் அவர் சொல்வது இதுதான்: "குழம்பு கொதிச்சு அடங்கின பொறவு மீனப் போடுய்யா." கீழே நான் சொல்லப்போகும் பாதி விஷயம் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு வேண்டுமே, அதனால் எங்கள் வீட்டு அளவைச் சொல்லிவிடுகிறேன். அரை கிலோ மீனுக்கு எலுமிச்சை அளவு புளி, இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், மூன்று தேக்கரண்டி மல்லித்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், அரை மூடிக்குக் கொஞ்சம் குறைவான தேங்காயோடு ஒரு தேக்கரண்டி சீரகமும் நாலு சின்ன வெங்காயமும் வைத்து மை போல அரைத்த விழுது, தாளிக்கப் பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, நல்லெண்ணெய். தக்காளி ஒன்றோ இரண்டோ. உங்கள் ஊரில் தேங்காய் இல்லாமல் வெந்தயமும் பூண்டும் போட்டு வைப்பீர்கள் என்றாலும் கோளாறுகள் பெரும்பாலும் இவைதான்.

மீன் உடைந்து குழம்போடு கரைந்துவிட்டது

அதிகம் பேர் புலம்புவது இதைப் பற்றித்தான். ஆட்டுக்கறியில் நார் நீளம், அதைக் கட்டி வைத்திருக்கும் சவ்வும் கெட்டி, அதனால் மணிக்கணக்கில் கொதித்தாலும் தாங்கும். மீன் சதை அப்படியில்லை. குட்டை நார்கள் அடுக்கடுக்காக இருக்கும், ஒவ்வொரு அடுக்கையும் ஒட்டிவைத்திருக்கும் சவ்வு மிக மெல்லியது, 60 டிகிரி சூட்டுக்குள்ளேயே அது இளகிவிடும். வெந்த மீன் இதழ் இதழாகப் பிரிவது அதனால்தான். கொதிக்கும் குழம்பு கிட்டத்தட்ட 100 டிகிரியில் இருக்கிறது, அதில் இருபது நிமிடம் போட்டு வைத்தால் எந்த மீனும் நிற்காது.

முதலில் பார்க்க வேண்டியது, மீன் போட்ட பிறகு எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தது என்பதை. நெத்திலி, காரல் போன்ற பொடி மீனுக்கு மூன்று நாலு நிமிடம். சாளைக்கு ஐந்து. பாறை, ஊளி, விளைமீன், வஞ்சிரம் போன்றவற்றில் ஒரு அங்குல கனத்துக்கு வெட்டிய துண்டென்றால் ஏழெட்டு. இதற்கு மேல் வைத்திருந்தால் காரணம் அதுதான், வேறெங்கும் தேட வேண்டாம்.

நேரம் சரியாகத்தான் வைத்தேன், அப்படியும் உடைந்தது என்கிறீர்களா? கரண்டியைப் பாருங்கள். மீன் போட்ட பிறகு கரண்டி உள்ளே போகவே கூடாது. சட்டியின் இரண்டு ஓரத்தையும் துணியால் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி அலசினால் போதும், குழம்பு தானாகத் துண்டுகளின் மேல் ஏறும். அடுத்தது தீ. தளதளவென்று கொதிக்கும் குழம்பில் துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும். மீன் போட்டதும் கொதி கொஞ்சம் தணியும், மறுபடி ஓரத்தில் குமிழி வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள்.

மண்சட்டிக்காரர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் மண்சட்டி சில நிமிடம் விடாமல் கொதிக்கும், உள்ளே மீன் வெந்துகொண்டேதான் இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் ஏழு நிமிடம் வைப்பவர் மண்சட்டியில் ஐந்திலேயே அணைத்துவிடலாம், மிச்சத்தைச் சட்டி பார்த்துக்கொள்ளும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சதை மாவு போல உதிர்ந்தால் மீன்தான் பழசு. இல்லையென்றால் ஃப்ரீசரில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து எடுத்த மீன். ஐஸ் படிகங்கள் சதையைக் கிழித்திருக்கும், அதற்குக் குழம்பில் வைத்தியம் இல்லை. அன்று உடைந்த மீனைக் கிளறிச் சரிசெய்யப் போகாதீர்கள். முள்ளை எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பூண்டும் பச்சைமிளகாயும் வதக்கிப் புட்டு மாதிரி உதிர்த்து வைத்தால் சோற்றுக்கு நன்றாக இருக்கும்.

கவுச்சி அடிக்கிறது

எந்த வகைக் கவுச்சி என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும், மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு.

கடல் மீனின் வழக்கமான கவுச்சி, மீன் செத்த பிறகு அதன் சதையில் இயல்பாகவே இருக்கும் ஒரு பொருளை பாக்டீரியாக்கள் உடைப்பதால் வருவது. அப்படி உடைந்து உண்டாகும் வாடைப் பொருளுக்கு டிரைமெத்திலமைன் என்று பெயர். புளிப்புப் பட்டால் அது காற்றில் எழும்பாமல் கட்டுப்பட்டுவிடும். நம் ஊர் மீன் குழம்பில் புளியோ மாங்காயோ குடம்புளியோ ஏதோ ஒன்று தவறாமல் இருப்பதில் இந்த லாபமும் சேர்ந்திருக்கிறது. ஆனால் புளி ஓரளவுக்குத்தான் காப்பாற்றும், மீதி கழுவுவதில் இருக்கிறது. கல்லுப்பைப் போட்டு அழுத்தித் தேய்த்தால் மேலே இருக்கும் வழுவழுப்பு கிளம்பி வரும். முள்ளை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு ரத்தக் கோடு ஓடும், அதை நகத்தால் கீறி எடுங்கள், பெரும்பாலோர் விடுவது அதைத்தான். தலை போடுகிறீர்கள் என்றால் செவுள் துளிகூட இருக்கக் கூடாது. மூன்றாவது தண்ணீர் கலங்காமல் தெளிவாக நிற்க வேண்டும், அதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு. கழுவியதும் மஞ்சளும் உப்பும் புரட்டிப் பத்து நிமிடம் வைத்தால் போதும். எலுமிச்சைச்சாறு ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவைப்பதை நான் செய்ய மாட்டேன், புளிப்பிலேயே சதை வெளுத்து அரைவேக்காடாகி, குழம்பில் போட்டதும் வறண்டு போகும்.

குளத்து மீன், ஏரி மீன், வளர்ப்புக் கட்லா, ரோகு இவற்றில் வருவது வேறு வாசம். மழை பெய்த மண் மாதிரி, சேறு மாதிரி இருக்கும். தண்ணீரில் இருக்கும் சில பாசிகளும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் தோலிலும் கொழுப்பிலும் சேர்ந்துவிடுகிறது. இது பழைய மீனுக்கான அடையாளம் இல்லை, உயிரோடு துள்ளும் மீனிலும் இருக்கும். புளிப்பு இதை உடைக்கும் என்பதால் இந்த மீனுக்குப் புளி கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும், மோரில் கால் மணி நேரம் போட்டுக் கழுவுவதும் உதவும். கருப்புச் சதையையும் அடிவயிற்றுக் கொழுப்பையும் எடுத்துவிட்டால் இன்னும் குறையும்.

திருக்கை, சுறாவில் கழிப்பறை வாடை போல மூக்கில் ஏறினால் அது அம்மோனியா. அவற்றின் உடம்பில் யூரியா நிறைய இருக்கும், செத்த பிறகு அது அம்மோனியாவாக மாறும். லேசாக இருந்தால் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, தோலைச் சுரண்டிவிட்டுச் சமைக்கலாம். மூக்கைக் குத்துகிற அளவு இருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

வங்கக் கடல் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் கிடைக்கும் பெரிய மீன்களில் பல வெளியூரிலிருந்து ஐஸில் வந்தவை. கவுச்சி அதிகமாகத் தெரிவதும் அப்போதுதான். நாட்டுப்படகில் வரும் சின்ன மீனாகப் பார்த்து வாங்குவது நல்லது. சின்ன மீன் என்றால் என்ன, அன்றைக்குப் பிடித்த சாளை ஐஸில் வாரக்கணக்கில் கிடந்த வஞ்சிரத்தைவிட எவ்வளவோ மேல்.

குழம்பு கசக்கிறது

மூன்று இடத்தில் தேடுங்கள்.

மீன் துண்டு மட்டும் கசந்து குழம்பு நன்றாக இருந்தால், சுத்தம் செய்யும்போது பித்தப்பை உடைந்திருக்கிறது. பச்சையாக, பட்டாணியளவில் ஈரலோடு ஒட்டி இருக்கும். எங்கள் சந்தையில் மீன் வெட்டும் அக்கா செவுளுக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு திருகு திருகி இழுத்தால் செவுளும் குடலும் பித்தப்பையும் ஒரே கொத்தாக வந்துவிடும், கத்தி வயிற்றைத் தொடவே தொடாது. நாம் வீட்டில் வயிற்றைக் கீறும்போது கத்தியை ஆழமாக விடுகிறோம், அங்கேதான் உடைகிறது. உடைந்தது தெரிந்தால் பச்சை பட்ட சதையை உடனே வெட்டி எறிந்துவிட்டு மற்றதைக் கழுவுங்கள். வயிற்றின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் கருப்புச் சவ்வும் லேசாகக் கசக்கும், உப்பு வைத்துத் தேய்த்தால் உரிந்துவிடும்.

குழம்பே கசந்தால் வெந்தயத்தைச் சந்தேகப்படுங்கள். பொன்னிறம் தாண்டி ஒரு நொடி கூடுதலாக நின்றாலும் கசப்பு இறங்கிவிடும். அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கருகியது தெரிந்தால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தாளியுங்கள், அதைக் காப்பாற்றுகிறேன் என்று புளியை ஊற்றினால் சட்டி முழுக்கக் கசப்பாகும். மிளகாய்த்தூளைச் சூடான எண்ணெயில் நேராகப் போட்டுக் கருகவிடுவதும் இதே கதைதான். அடுப்பை அணைத்துவிட்டுத் தூளைப் போட்டு, இரண்டு புரட்டுப் புரட்டி, உடனே புளித்தண்ணீர் ஊற்றினால் கருகாது.

மூன்றாவது பாத்திரம். அலுமினியத்தில் புளிக்குழம்பு வைத்தால் உலோகச் சுவை ஏறும், இரும்பில் வைத்தால் கறுத்துப் போகும். மண்சட்டி, இல்லையென்றால் எவர்சில்வர். புது மண்சட்டி என்றால் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி இரண்டு மூன்று நாள் வைத்து, கடைசியாகக் கஞ்சி காய்ச்சிக் கொட்டிவிட்டுத்தான் குழம்புக்கு எடுக்க வேண்டும்.

பச்சை வாசனை போகவில்லை, மசாலா தனியாக நிற்கிறது

தூள் வதங்கவில்லை, அல்லது குழம்பு கொதிக்கவில்லை. கூட்டி வைத்த குழம்பு அடுப்பில் ஏறியதிலிருந்து குறைந்தது கால் மணி நேரம் மீன் இல்லாமல் கொதிக்க வேண்டும். கடிகாரத்தைவிடக் கண்ணும் காதும் இங்கே நன்றாக வேலை செய்யும். முதலில் மேலே வெளிறிய நுரை கட்டும், சத்தம் சலசலவென்று தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் நுரை தானாக அடங்கும், சத்தம் கனத்துக் களக் களக் என்று மாறும், சட்டி ஓரத்தில் எண்ணெய் சிவப்பாக வளையம் கட்டும். ஆச்சி சொன்ன "அடங்கின பொறவு" அந்த இடம்தான். ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பாருங்கள், தொண்டையில் மல்லித்தூள் நெருடாமல் இருந்தால் மீனைப் போடலாம்.

மீன் போட்ட பிறகுதான் பச்சை வாசனை தெரிந்தது என்றால் துண்டுகளை மெதுவாகத் தட்டில் எடுத்து வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் கொதிக்கவிடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் துண்டுகளைத் திரும்பப் போட்டு அணைத்துவிடலாம். பலருக்கு இது தோன்றுவதில்லை, மீனோடு சேர்த்தே கொதிக்கவிட்டு இரண்டையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

புளிப்பு கூடிவிட்டது, உப்பு கூடிவிட்டது

புளிப்புக்குத் தேங்காய் விழுதோ பாலோ சேர்ப்பதுதான் சரி, சின்னத் துண்டு வெல்லமும் கைகொடுக்கும். ஆப்பசோடா போடாதீர்கள், புளிப்பு போவதோடு கவுச்சியும் திரும்பி வரும். உப்புக்கு உருளைக்கிழங்கு போட்டால் உறிஞ்சிவிடும் என்பார்கள். கிழங்கு தான் குடித்த குழம்பில் இருக்கும் உப்பைத்தான் எடுக்கும், மீதிக் குழம்பின் உப்பு அப்படியேதான் இருக்கும். உப்பில்லாத புளித்தண்ணீரும் தேங்காயும் சேர்த்துக் குழம்பைக் கூட்டுவது ஒன்றே வழி. கருவாட்டுக் குழம்பென்றால் உப்பே போடாமல் தொடங்கி, கருவாடு வெந்த பிறகு ருசி பார்த்துப் போடுங்கள்.

தேங்காய் திரிந்துவிட்டது

தேங்காய்ப்பால் என்பது தண்ணீரில் எண்ணெய் கலந்து நிற்பது, அதைப் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது அதில் இருக்கும் புரதம். புளிப்பும் கொதியும் ஒன்றாகச் சேர்ந்தால் அந்தப் புரதம் கட்டிக்கொண்டு எண்ணெயை விட்டுவிடும். அதனால் கெட்டிப்பால் கடைசியில், மிகச் சிறிய தீயில், ஓரத்தில் முதல் குமிழி எட்டிப் பார்த்ததும் இறக்கிவிட வேண்டும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றாமல் இரண்டு கரண்டிக் குழம்பை அதில் கலந்து வெதுவெதுப்பாக்கி ஊற்றுங்கள். அரைத்த விழுது பாலைவிடத் தாங்கும், ஆனால் மிக்ஸியில் கொரகொரவென்று அரைத்திருந்தால் குழம்பு திப்பித்திப்பியாக நிற்கும், அது திரிந்தது போலவே தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து இன்னும் இரண்டு நிமிடம் அரைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். திரிந்த குழம்பின் ருசி கெடுவதில்லை, பயப்படாமல் சாப்பிடலாம்.

குழம்பில் சாரம் இருக்கிறது, மீனில் இல்லை

மீன் தண்ணீராகப் போயிருக்கும். ஃப்ரீசரில் இருந்து எடுத்த மீன் இளகும்போது நிறையத் தண்ணீர் விடும், அதை வடிக்காமல் போட்டால் குழம்பும் நீர்த்துப் போகும். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டு, கழுவி, சல்லடையில் வடியவைத்து, உப்பும் மஞ்சளும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் புரட்டி வையுங்கள். பிறகு ஊறும் நேரம். அடுப்பிலிருந்து இறக்கியதும் பரிமாறினால் உப்பும் புளியும் துண்டுக்குள் இறங்கியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் காலை பத்து மணிக்கே குழம்பை முடித்துவிட்டால் மீன் மூன்று மணி நேரம் ஊறும், வித்தியாசத்தை முதல் வாயிலேயே தெரிந்துகொள்வீர்கள்.

முருங்கைக்காய், கத்திரிக்காய், மாங்காய் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: புளிப்பில் காய் சீக்கிரம் வேகாது. முருங்கைக்காயையும் கத்திரிக்காயையும் புளி ஊற்றுவதற்கு முன்பே அரைப்பதமாக வேகவைத்துக்கொள்ளுங்கள்.

இறால் ரப்பராகிவிட்டது, கணவாய் மெல்ல முடியவில்லை

இறாலுக்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். பிறை நிலா மாதிரி வளைந்தால் வெந்துவிட்டது, வாலும் தலைப்பக்கமும் முட்டிக்கொண்டு வளையமாகிவிட்டால் தாண்டிவிட்டது. ரப்பருக்கு நேர்மாறாகக் குழைந்து மாவாக இருந்தால் தலையோடு நெடுநேரம் கிடந்த இறால், தலையில் இருக்கும் செரிமான நொதிகள் உடம்புச் சதையைக் கரைக்கத் தொடங்கியிருக்கும். வாங்கியதும் தலையைக் கிள்ளிவிட வேண்டும். முதுகில் ஓடும் கருப்புக் குடலை எடுக்காமல் விட்டால் பல்லில் மணல் நெருடும்.

கணவாய் விஷயம் தனி. இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்தால் மெத்தென்று இருக்கும், அதைத் தாண்டினால் இறுகும், அப்புறம் முப்பது நாற்பது நிமிடம் சின்னத் தீயில் விட்டால்தான் மறுபடி இளகும். பத்து நிமிடத்தில் இறக்கியவர்கள்தான் ரப்பர் என்று சொல்பவர்கள். அவர்கள் சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றி, ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி, மூடிவைத்துப் பொறுமையாக இருந்தால் போதும்.

நண்டில் சதை இல்லாமல் தண்ணீராக இருந்தால் அது சமீபத்தில் ஓடு கழற்றிய நண்டு, சமையலில் செய்ய ஒன்றுமில்லை. வாங்கும்போதே கையில் தூக்கிப் பார்த்து, ஒரே அளவில் எது கனமோ அதை எடுங்கள்.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து அரிக்கிறது

இதைக் கவனமாகப் படியுங்கள். சூரை, கும்பளா என்கிற அயிலை, சாளை போன்ற மீன்கள் வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. பார்க்க நன்றாக இருக்கும் மீனிலும் இருக்கலாம். நாக்கில் மிளகு பட்டது போல சுருக்கென்று குத்தினால் அந்த வாயோடு நிறுத்திவிடுங்கள், குழம்பை மற்றவர்களுக்கும் கொடுக்காதீர்கள். முகம் சிவப்பது, தலைவலி, அரிப்பு, படபடப்பு எல்லாம் சில நிமிடங்களிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தெரியும். மூச்சு இழுத்தாலோ உதடு, நாக்கு வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இந்த மீன்களை வாங்கினால் பையில் ஐஸ் போடச் சொல்லி, நேராக வீட்டுக்கு வாருங்கள்.

மறுநாள் குழம்பு உறைந்து கிடக்கிறது

கெட்டுப்போகவில்லை. தலையும் தோலும் முள்ளும் விட்ட பசை குளிரில் கட்டியிருக்கிறது, சூடானதும் இளகிவிடும். வெளியிலேயே இரவு முழுக்க வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. இப்போதைய வெக்கைக்கு அதை நான் செய்வதில்லை, ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறேன். காலையில் மொத்தச் சட்டியையும் அடுப்பில் ஏற்றாமல், அந்த வேளைக்கு வேண்டிய குழம்பை மட்டும் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக் கொதிக்கவிட்டு, மீன் துண்டைக் கடைசியில் வைத்துச் சூடு ஏறியதும் இறக்குங்கள், இட்லி அடுப்பில் இருக்கும்போதே இதையும் முடித்துவிடலாம்.